புதுப்பிப்பு: 20 நிமிடத் தையல், ஒரு திருத்தத்தோடு

குழந்தை விளையாடும் 20 நிமிடத்துக்குள் முடிகிற மாதிரி தையல் மெஷின் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து வைக்கச் சொல்லியிருந்தேன். அதில் ஒரு திருத்தம்: குண்டூசிக்குப் பதில் துணி கிளிப். கீழே விழுந்தாலும் கண்ணில் படும்.

தூக்கிப் போட்டு விளையாடும் துணிப்பை ஓரத்தில் பிரிகிறது என்று கேட்டவர்களுக்கு: 12 செ.மீ. சதுரம் இரண்டு, ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே தையல், தையல் நீளம் 2 மி.மீ. நிரப்புவதற்கு விடும் 4 செ.மீ. திறப்பின் இரு முனையிலும் முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று தையல் ஓட்டுங்கள். இல்லையென்றால் பையைத் திருப்பும்போதே நூல் விட்டுவிடும். குழந்தை 3 வயதுக்குக் கீழே என்றால் உள்ளே நிரப்ப மணி, விதை வேண்டாம். வெட்டுத் துணி போதும் (கனம் இருக்காது, பரவாயில்லை).

நடுவில் எழ நேர்ந்தால் ஊசியைத் துணிக்குள் இறக்கிவிட்டு மெஷின் பிளக்கைக் கழற்றுங்கள். துணி நகராது.