20,000 டி-ஷர்ட்டுக்கு நூல்: மொத்தமாக இறக்குவதா, ஷிப்மெண்ட் வாரியாக எடுப்பதா?

பர்சேஸ் டெஸ்க்

ஆர்டர் உறுதியான அன்னைக்கே மொத்த நூலையும் குடோன்ல இறக்கி வைக்கறது திருப்பூர்ல பல பனியன் கம்பெனிகளோட வழக்கம். இதை நிறுத்தணும்ங்கறது என் கட்சி. எதிர்க்கறவங்க தயவுசெஞ்சு கணக்கோட வாங்க.

பேசறதுக்கு ஒரு ஆர்டரை எடுத்துக்கலாம். 30ஆம் நம்பர் கோம்டு ஒசைரி நூல் (சீவின பஞ்சுல ஓட்டின பனியன் நூல்), சிங்கிள் ஜெர்சி (சாதா பனியன் பின்னல்), 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 150 கிராம்), ரவுண்ட் நெக், 20,000 பீஸ். நேவி 8,000, வெள்ளை 7,000, மெரூன் 5,000. மூணு ஷிப்மெண்ட், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல மூணு வாரம், எல்லாத்துலயும் மூணு கலரும் போகும்.

வெட்டு வேஸ்ட் சேர்த்து பீஸுக்கு 190 கிராம் துணி. ஆக 3,800 கிலோ பினிஷ்டு துணி வேணும். டையிங்ல 6 சதம் போகும்னா கிரே துணி (சாயம் போடாதது) 4,043 கிலோ. நிட்டிங்ல ஒண்ணரை சதம் போனா நூல் 4,104 கிலோ. 3 சதம் கூடுதல் போட்டா 4,227 கிலோ. 60 கிலோ மூட்டைன்னா 71 மூட்டை. கழுத்து ரிப்பை (கழுத்துப் பட்டைத் துணியை) இதுல சேர்க்கல.

இந்த 71 மூட்டையை ஒரே நாள்ல எடுக்க என்ன அவசியம்? ஷிப்மெண்டுக்கு 24 மூட்டை எடுத்தாப் போதும். 2022 மே மாசம் பஞ்சு கேண்டி (356 கிலோ) ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டுச்சு, மில்லுக ஒரே அடியா கிலோவுக்கு 40 ரூபாய் ஏத்துனாங்க, 16, 17 தேதிகள்ல ஊரே கடையடைச்சுது. அந்த வெலையில பயந்துக்கிட்டு குடோனை நிரப்பினவங்க, அதே வருஷக் கடைசியில கேண்டி 70,000 பக்கம் வந்தப்போ கையில என்ன வெச்சிருந்தாங்க? 2025 ஆகஸ்ட் 27லிருந்து அமெரிக்கா 50 சதம் வரி போட்டப்பவும் இதே கதைதான். ஆர்டர் நின்னுபோன இடத்துல நூல் மட்டும் நிக்காம வந்திருந்துச்சு.

24கேஜ்

அண்ணா, நீங்க சொல்றது ஆபீஸ் கணக்கு. நிட்டிங் மெஷின்கிட்ட வந்து பாருங்க.

30 இஞ்ச் சிங்கிள் ஜெர்சி மெஷினுக்கு 90 பீடர் (நூல் உள்ள போற வழி). ஒவ்வொரு பீடருக்கும் ஒரு கோன் (கூம்புல சுத்தின நூல்) ஓடும், வால் முடிச்சுப் போட்டு பக்கத்துல ஒரு கோன் காத்திருக்கும். 60 கிலோ மூட்டையில 32 கோன்னா, மெஷினை ஏத்தவே ஏறக்குறைய 6 மூட்டை வேணும். நீங்க ஒரு ஷிப்மெண்ட் நேவிக்குத் தர்றது 10 மூட்டை, அதாவது 320 கோன். ஓடி முடியறப்போ ஒவ்வொரு பீடர்லயும் அரையும் காலுமா மிச்சம் நிக்கும். அந்த மிச்சக் கோன் என்ன ஆகும்? மூணு வாரம் கழிச்சு அடுத்த லாட் (மில்லுல ஒரே தொகுதியா ஓடின நூல்) வர்றப்போ பிட்டர் (மெஷின் மெக்கானிக்) அதையும் கிரீல்ல (கோன் மாட்டற ஸ்டாண்டுல) ஏத்திருவாரு. நூலை வீணாக்கக் கூடாதுன்னு நல்ல மனசோடதான் ஏத்துவாரு.

கிரேல ஒண்ணுமே தெரியாது. நேவி சாயம் ஏறி வெளிய வந்ததும் துணியில குறுக்கு வாட்டுல வரி வரியா நிக்கும். ஒரு லாட் பஞ்சு சாயத்தை கொஞ்சம் கூடக் குடிக்கும், இன்னொண்ணு குறைச்சுக் குடிக்கும், 90 பீடர்ல ரெண்டு பீடர் மாறினாலும் கண்ணுக்குத் தெரியும். இந்த வரிக்குப் பேர்தான் பாரே. அது விழுந்த துணிக்கு வேற வைத்தியம் இல்ல. சாயத்தை உரிச்சு கருப்பு போடணும், இல்ல லோக்கலுக்கு எடைக்குப் போடணும்.

பர்சேஸ் டெஸ்க்

ரெண்டை ஒண்ணாக் குழப்பறீங்க. ஒரு ரோலுக்குள்ள வரி விழறது வேற, முதல் ஷிப்மெண்ட் நேவிக்கும் ரெண்டாவது ஷிப்மெண்ட் நேவிக்கும் ஷேடு மாறறது வேற. ரெண்டாவது எப்படியும் மாறத்தான் செய்யும். மொத்த நூலும் ஒரே லாட்டா இருந்தாலும் மூணு வாரம் தள்ளி வேற பாத்திரத்துல வேற தண்ணியில டையிங் போட்டா ஷேடு தள்ளும். அதுக்குத்தான் பையர்கிட்ட ஷேடு பேண்ட் (கலர் எவ்வளவு தள்ளலாம்னு காட்டற சாம்பிள்) கையெழுத்து வாங்கறோம். அப்போ லாட் பிரச்சினைங்கறது ஒரே மெஷின்ல ரெண்டு லாட் கலக்கறது மட்டும்தான். மிச்சக் கோனை எடை போட்டு மூட்டை கட்டி திருப்பி வாங்கிட்டா தீர்ந்துச்சு. அதுக்காக குடோனை நிரப்பணும்னு சொல்றது நியாயமில்லைங்க.

24கேஜ்

திருப்பி வாங்கணும்தான். சொந்த நிட்டிங்னா நடக்கும். ஜாப் ஒர்க்குக்கு நாலு இடத்துல கொடுத்திருந்தா, எந்த நிட்டிங்ல எந்த லாட் மிச்சம் எத்தனை கோன்னு யார் எழுதி வெக்கறாங்க? டெலிவரி சலான்ல கிலோ இருக்கும், லாட் நம்பர் இருக்காது. மூணு தடவை எடுத்தா இந்த ஆபத்து மூணு தடவை. இன்னொண்ணு, ஒவ்வொரு தடவையும் மெஷினை புதுசா செட் பண்ணணும். லூப் லெங்த் (ஒரு கண்ணிக்குப் போற நூல் நீளம்) 2.75 மில்லிமீட்டர்ல இருந்து கொஞ்சம் நகர்ந்தாலே ஜிஎஸ்எம் மாறும், உங்க 190 கிராம் கணக்கும் சேர்ந்து மாறும்.

மிக்ஸிங் ரூம்

மில் பக்கத்திலிருந்து ஒரு விஷயம் சொல்லலாமா? இரண்டு பேருமே "லாட்" என்றால் லேபிளில் அச்சடித்த எண் என்று நினைத்துப் பேசுகிறீர்கள்.

24,000 கதிர் (நூல் முறுக்கும் ஸ்பிண்டில்) ஓடும் ஒரு மில்லில் 30ஆம் நம்பர் நாளைக்குக் கதிருக்கு 450 கிராம் வந்தால் மொத்தம் 10,800 கிலோ. உங்கள் 71 மூட்டை எங்களுக்கு அரை நாள் உற்பத்திகூட இல்லை. ஒரே தடவையில் கேட்டால் ஒரே மிக்ஸிங்கில் (பஞ்சுக் கலவையில்) ஓடியதைத் தரலாம், எந்தச் சிரமமும் கிடையாது. மூன்று வாரம் கழித்து "அதே லாட் 24 மூட்டை" என்று கேட்டால், அதற்குள் இருநூறு டன்னுக்கு மேல் நூல் ஓடி முடிந்திருக்கும். மிக்ஸிங்கில் சராசரி மைக்ரோனேரை (பஞ்சு இழையின் மென்மை அளவை) நாளுக்கு நாள் 0.1க்குள் பிடிக்கத்தான் பார்க்கிறோம். ஆனால் பஞ்சு வந்த ஜின்னிங் (விதை நீக்கும் ஆலை) மாறும், ஊர் மாறும். அக்டோபர், நவம்பரில் பழைய பஞ்சும் புதுப் பஞ்சும் கைமாறும் நேரத்தில் இது மிகவும் கடினம். வேறு எந்த மாதத்தில் பிரித்து எடுத்தாலும் அந்த இரண்டு மாதத்தில் மட்டும் அடர்த்தியான கலருக்கு நூலைப் பிரித்து எடுக்காதீர்கள்.

இறக்குமதிப் பஞ்சையும் கவனியுங்கள். 2025 ஆகஸ்ட் 19 முதல் டிசம்பர் 31 வரை 11 சத வரி நீக்கப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட காலத்தில் மில்கள் உள்நாட்டுப் பஞ்சோடு வெளிநாட்டுப் பஞ்சைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டும். நூலின் பலம் கூடலாம், ஆனால் சாயம் குடிக்கும் அளவு மாறும்.

பர்சேஸ் டெஸ்க்

அப்போ மில்லே லாட்டை பிளாக் பண்ணி வெச்சு, நாங்க கேக்கறப்போ மூணு தவணையா அனுப்பலாமே. 71 மூட்டை உங்களுக்கு ஒரு மூலை.

மிக்ஸிங் ரூம்

தரலாம். ஆனால் அப்போது உங்கள் பணம் முடங்குவதற்குப் பதிலாக எங்கள் பணம் முடங்கும். பஞ்சை நாங்கள் வாங்குவது பெரும்பாலும் முன்பணத்துக்கு. அதனால் பிளாக் கேட்பவரிடம் 25 சதம் முன்பணமும், ஆறு வாரத்தில் எடுக்காவிட்டால் அன்றைய விலை என்ற ஷரத்தும் கேட்பது நியாயம்தான். விலை ஏறினால் எடுக்கிறார்கள், இறங்கினால் போனை எடுப்பதில்லை. வாங்குகிறவர் வாக்கு நின்றால் மில்லின் வாக்கும் நிற்கும்.

கணக்குப்பிள்ளை

பணம் முடங்குது, முடங்குதுங்கறீங்க. எவ்வளவு முடங்குதுன்னு யாரும் போடல. நான் போடறேன்.

கணக்குக்கு கிலோ 280 ரூபாய்னு வைங்க. 71 மூட்டை, 4,260 கிலோ, 11,92,800 ரூபாய். இதுல மூணுல ஒரு பங்கு உடனே மெஷினுக்குப் போயிருது. அடுத்த பங்கு 3,97,600 ரூபாய் 21 நாள் சும்மா இருக்கு, கடைசிப் பங்கு 42 நாள். வங்கி வட்டி 10 சதம். 21 நாள் பங்குக்கு 2,288, 42 நாள் பங்குக்கு 4,575. மொத்தம் 6,863 ரூபாய். பீஸுக்கு 34 பைசா.

இப்போ ஒரு ஷிப்மெண்ட் நேவியில பாரே விழுந்தா? கிரே சுமார் 555 கிலோ. டையிங் கூலி 120, நிட்டிங் கூலி 15ன்னு வெச்சா கூலி மட்டும் 75,000 ரூபாய் போச்சு. நூலையும், ஷிப்மெண்ட் தவறி ஏர்ல அனுப்பற செலவையும் நான் இன்னும் எழுதல. செங்கடல் பிரச்சினையால 2023 டிசம்பர்ல இருந்து கப்பலுக ஆப்பிரிக்காவைச் சுத்திப் போக ஆரம்பிச்சப்போ ஐரோப்பாவுக்கு 10-14 நாள் கூடுச்சு. அந்த மாதிரி சமயத்துல துணியை மறுபடி ஓட்ட நாளே கிடையாது. 7,000 ரூபாய் வட்டியை மிச்சம் பிடிக்க இவ்வளவு ஆபத்து எதுக்குங்க?

பர்சேஸ் டெஸ்க்

வட்டிக் கணக்கு சரி, ஒத்துக்கறேன். இவ்வளவு கம்மியா வரும்னு நினைக்கல. ஆனா வெலை அபாயத்தை விட்டுட்டீங்க. கிலோவுக்கு 40 ரூபாய் இறங்கினா, காத்திருக்கற 2,840 கிலோவுல 1,13,600 ரூபாய் நஷ்டம். உங்க 6,863ஐ விட பதினாறு மடங்கு.

கணக்குப்பிள்ளை

அதே 40 ஏறினா? பையர்கிட்ட பீஸ் வெலை பேசி முடிச்சாச்சு, அதுல நூல் 280ன்னு கட்டியாச்சு. இறங்கினா வர்ற லாபம் நம்ம தொழில் இல்ல. ஏறினா வர்ற நஷ்டத்தை ஒரு ரூபாய்கூட பையர் ஏத்துக்க மாட்டார். கேண்டி 356 கிலோ. பத்தாயிரம் ஏறினா பஞ்சுல கிலோவுக்கு 28 ரூபாய். கோம்டு நூலுக்கு 100 கிலோ பஞ்சுல 70 கிலோ தேறும்னா நூல்ல 40 ரூபாய், கழிவுப் பஞ்சு வித்து வர்றதைக் கொஞ்சம் கழிச்சுக்கலாம். பஞ்சு வெலை அப்படி நகராதுன்னு ஆறு வாரத்துக்கு யார் உறுதி கொடுப்பாங்க? காஸ்டிங் போட்ட வெலையில மொத்தத்தையும் பூட்டிட்டா அந்த கவலையே இல்ல.

ஒரு வரி விஷயமும் இருக்கு. மில் குறு, சிறு நிறுவனமா உத்யம்ல (சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு) பதிவாகியிருந்தா, எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள்ள பணம் கொடுத்தாகணும், ஒப்பந்தம் இல்லேன்னா 15 நாள். கெடுவைத் தாண்டிட்டா வருமான வரிச் சட்டப்படி (1961 சட்டத்துல 43பி(எச்) பிரிவு), பணம் கொடுக்கற வருஷத்துலதான் செலவாக் காட்ட முடியும். 2025 ஏப்ரல் 1லிருந்து சிறு நிறுவன வரம்பு முதலீடு 25 கோடி, விற்றுமுதல் 100 கோடி ஆயிருச்சு. முன்ன நடுத்தரத்துல இருந்த மில்லுக பல இப்போ சிறுவுக்குள்ள வரும். பிப்ரவரி 10ல மொத்த நூலையும் எடுத்தீங்கன்னா கெடு மார்ச் 27. வருஷக் கடைசியில கையில காசு இருக்குமான்னு பார்த்துட்டு எடுங்க. நூல் வியாபாரிகிட்ட வாங்கினா இந்தப் பிரிவு வராது, அவங்க உற்பத்தியாளர் இல்ல.

24கேஜ்

அந்தப் பிரிவு வராதுன்னு வியாபாரிகிட்ட போயிராதீங்க. அங்க வர்ற மூட்டையில லாட் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். மூட்டையைப் பிரிச்சதும் புற ஊதா விளக்குக்குக் கீழ கோனுகளை வரிசையா வைங்க, வேற பஞ்சுன்னா வேற மாதிரி ஒளிரும். சந்தேகம் இருந்தா ரெண்டு லாட்டையும் பத்து இஞ்ச் பத்து இஞ்சா ஒரே குழாய்த் துணியில மாத்தி மாத்தி ஓட்டி நேவி போட்டுப் பாருங்க. ஒரு நாள் வேலை.

மில் பில்லுக்குக் கீழ இருக்கற நிபந்தனையையும் படிங்க. புகாரைக் கோனா இருக்கறப்போ மட்டும்தான் ஏத்துக்குவாங்க, துணியான பிறகு ஏத்துக்க மாட்டாங்க. ஏத்துக்கிட்டாலும் நூலுக்கு நூல்தான், டையிங் கூலி வராது.

பர்சேஸ் டெஸ்க்

சரி, நேவியும் மெரூனும் ஒரே தடவையில எடுக்கலாம்னு வெச்சுக்கறேன். கலர் வாரியா முழு மூட்டையா எடுத்தா நேவிக்கு 29 மூட்டை, மெரூனுக்கு 18. வெள்ளைக்கு என்ன அவசரம்? பிளீச் பண்ணின துணியில பாரே அவ்வளவாத் தெரியாது. அந்த 25 மூட்டையை மூணா எடுக்கலாம். குடோன் இருப்பைப் பத்தியும் யாரும் பேசல. தகரக் கொட்டாய்ல ஏப்ரல், மே வெயில்ல ஆறு வாரம் நூல் கிடந்தா ஈரம் எட்டரை சதத்துல இருந்து ஆறுக்கு இறங்கும். எடையில ரெண்டேகால் சதம், 71 மூட்டையில சுமார் 100 கிலோ. காசு கொடுத்து வாங்கின தண்ணி காத்துல போகுது, காஞ்ச நூல் அறுந்து துணியில ஓட்டையும் விழுது.

மிக்ஸிங் ரூம்

தண்ணீர் போனால் பஞ்சு போனதாக ஆகாது, துணியான பின் ஈரம் திரும்பி ஏறிவிடும். ஓட்டை விழுவது மட்டும் உண்மையான சேதம். பாலித்தீன் உறையைப் பிரிக்காமல், தரையில் படாமல் மரச்சட்டத்தில் அடுக்கி, மெஷினில் ஏற்றுவதற்கு ஒரு நாள் முன்னால் நிட்டிங் கூடத்து ஈரப்பதத்தில் வைத்தாலே பெரும்பகுதி சரியாகும்.

24கேஜ்

வெள்ளையைப் பிரிச்சு எடுக்கறதுக்கு நான் தடை சொல்லல அண்ணா. ஒரே ஒரு நிபந்தனை. வெள்ளைக்கு வந்த லாட்டோட மிச்சக் கோன் நேவி மெஷின் பக்கம் வரக்கூடாது. ரெண்டும் 30ஆம் நம்பர், ரெண்டும் ஒரே மில், கோன் கூடு ஒரே நிறம், பார்த்தா வித்தியாசமே தெரியாது. அதனால பர்சேஸ் ஆர்டர்லயே எழுதிருங்க: வெள்ளைக்கு வர்ற ஒவ்வொரு தவணைக்கும் கோன் முனை வேற வேற நிறத்துல இருக்கணும்னு. அப்புறம் உங்க ஜாப் ஒர்க் சலான்ல கிலோவுக்குப் பக்கத்துல லாட் நம்பருக்கு ஒரு கட்டம், திரும்ப வந்த கோன் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம்.

பர்சேஸ் டெஸ்க்

சலான்ல கட்டம் போட்டுரலாம். கோன் நிறத்துக்கு மில் ஒத்துக்குமா?

மிக்ஸிங் ரூம்

ஆர்டர் கொடுக்கும்போதே சொன்னால் ஒத்துக்கொள்வார்கள். லோடு ஏற்றிய பிறகு சொன்னால் முடியாது.