ரைனெக்கேயின் மூன்று செல்லோ சொனாட்டாக்களில் எதை எடுக்கலாம்?

கேள்வி:
செல்லோவுக்கும் பியானோவுக்குமான பிராம்ஸின் ஈ மைனர் சொனாட்டா கைவசம் இருக்கிறது. அதோடு சேர்த்து வாசிக்க 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ரைனெக்கேயின் மூன்றில் எது பொருந்தும்? இன்னொன்று: பழைய ஜெர்மன் அச்சில் செல்லோவுக்கு ட்ரெபிள் கிளெஃப் (சுரங்களின் உயரத்தைக் காட்டும் குறிகளில் ஒன்று) வந்தால் எழுதிய உயரத்திலேயே வாசிப்பதா, ஒரு ஸ்தாயி கீழேயா?

மறுமொழி 1:
மூன்றாவதை எடுங்கள்: ஜி மேஜர், ஓபஸ் (படைப்பு எண்) 238. 1897இல் பிராம்ஸ் இறந்தபின் அவர் நினைவுக்கு அர்ப்பணித்தது. அப்போது ரைனெக்கே எழுபதைத் தாண்டியிருந்தார். பிராம்ஸின் ஜெர்மன் ரெக்வியத்தை (இறந்தோருக்கான பெரிய கோரஸ் படைப்பு) ஏழு பகுதிகளோடு முழுமையாக 1869இல் லைப்சிக்கில் முதன்முதலில் நடத்தியவரும் அவர்தான். முதல் சொனாட்டா, ஏ மைனர், ஓபஸ் 42, தன் இருபதுகளில் எழுதியது. துடிப்பு அதிகம், ஆழம் குறைவு. ஓபஸ் 238இன் நடுப்பகுதி 'ஆண்டான்டே மெஸ்தோ'. 'ஆண்டான்டே' என்றால் நடை வேகம், 'மெஸ்தோ' என்றால் துயரம்; அதற்காகப் பலர் அடாஜியோவாக, அதாவது மிக மெதுவாக, இழுத்துவிடுகிறார்கள். வில் பாதியிலேயே தீர்ந்து, சொற்றொடர் துண்டுதுண்டாகிவிடும். நடை வேகம் நிற்கக் கூடாது.

கிளெஃப் விஷயம்: பேஸ் கிளெஃபிலிருந்து நேரே ட்ரெபிளுக்குத் தாவினால் பெரும்பாலும் ஒரு ஸ்தாயி கீழே, டெனார் கிளெஃபிலிருந்து போனால் எழுதியபடியே. பதிப்பகத்துக்குப் பதிப்பகம் இது மாறும். கிளெஃப் மாறும் இடத்துக்கு முந்தைய சுரத்தையும் பிந்தைய சுரத்தையும் பியானோவில் தட்டிப் பாருங்கள். மெட்டு காரணமில்லாமல் ஒரு ஸ்தாயி எகிறினால் கீழேதான். உடனே பென்சிலால் குறித்துவிடுங்கள்.

மறுமொழி 2:
பியானோவைக் கவனியுங்கள். ரைனெக்கே பியானோ கலைஞர். பக்கவாத்தியமாக எழுதவே மாட்டார். செல்லோ ஜி, சி என்ற கீழ்த் தந்திகளுக்கு இறங்கும்போது இன்றைய பெரிய பியானோவின் இடது கை அதை விழுங்கிவிடும். மூடியை முழுக்க மூடினால் மேல் சுரங்களின் தெளிவு போய், கீழ்ச் சுரங்களின் கலங்கல் அப்படியே நிற்கும். மூடி பாதி உயரத்தில் இருக்கட்டும். பெடலை ஒவ்வொரு ஹார்மனிக்கும் மாற்றச் சொல்லுங்கள்.

ரைனெக்கே 1905இல் வெல்டே-மிக்னான் பியானோ ரோல்களில் (வாசிப்பைத் துளைகளாகப் பதிந்த காகிதச் சுருள்கள்) வாசித்ததைக் கேளுங்கள். இரு கைகளும் ஒரே நொடியில் விழாது. இசைவுகளைச் சற்றே விரித்து வாசிப்பார். மெதுவான பகுதியில் இது நல்ல வழி: பியானோவின் கீழ்ச் சுரம் முந்தி விழுந்துவிடுவதால் செல்லோ சுரத்தின் தொடக்கம் மறையாது.

கேட்டவர்:
நன்றி. இரண்டாவது சொனாட்டா, டி மேஜர், ஓபஸ் 89 எப்படி?

மறுமொழி 2:
அதையும் விடாதீர்கள். ஆனால் டி மேஜரில் எஃப் ஷார்ப் ஓயாமல் வரும். பல செல்லோக்களில் 'உல்ஃப்' உறுமல் (ஒரு சுரம் மட்டும் நடுங்கி உறுமுவது) அந்தச் சுரத்தையொட்டியே இருக்கிறது. பிரிட்ஜுக்குக் கீழே ஜி தந்தியில் ரப்பர் வைத்த பித்தளைக் குழலை மாட்டி, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்துங்கள். உறுமல் அடங்கியதும் நிறுத்துங்கள். பிறகு பக்கத்துச் சுரங்களை வாசித்துப் பாருங்கள், சில சமயம் உறுமல் அங்கே போய் உட்கார்ந்திருக்கும்.