சிமுலேஷன்ல 3%, லேப்ல 11%: ஆக்டிவ் ஃபில்டர் ஏன் இப்படி பண்ணுது?

அரைகுறை_இஞ்சினியர்
வணக்கம் எல்லாருக்கும். எம்இ கடைசி செம், ப்ராஜெக்ட் 3 ஃபேஸ் ஷன்ட் ஆக்டிவ் ஃபில்டர், அதாவது லோடு இழுக்குற ஹார்மானிக்ஸுக்கு (50 ஹெர்ட்ஸோட மடங்குகள்ல வர்ற அழுக்கு) எதிர் கரன்டை லைனுக்கு பேரலலா விட்டு கழிக்கிற பெட்டி. கைடு வச்ச தலைப்பு "சப்ளை வோல்டேஜ் டிஸ்டார்ஷனை சரி செய்தல்". கன்ட்ரோல் நம்ம பி-க்யூ தியரிதான் (அந்தந்த கணத்துப் பவரைக் கணக்கு போட்டு எவ்வளவு கரன்ட் விடணும்னு சொல்றது), ஆராய்ச்சியாளர் அகாகி 1983ல சொன்னது, அப்படியே டிஎஸ்பி சிப்புல எழுதிட்டேன். சாம்ப்ளிங் 10 கிலோஹெர்ட்ஸ், லோடு ஒரு டயோட் பிரிட்ஜ், டிம்மர்ஸ்டாட்ல (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற ட்ரான்ஸ்ஃபார்மர்) 200 வோல்ட் வரைக்கும் ஏத்தி ஓட்டுறேன், டிசி லிங்க் (ஃபில்டருக்குள்ள இருக்குற கெப்பாசிட்டர்) 400 வோல்ட். ஃபில்டர் இல்லாம சோர்ஸ் கரன்ட் டிஹெச்டி (எவ்வளவு ஹார்மானிக் கலந்திருக்குங்கிற அளவு) 27%, சிமுலேஷன்ல ஃபில்டர் போட்டதும் 3%க்கு வந்துச்சு, ஆனா லேப்ல 11%க்கு கீழ இறங்கவே மாட்டேங்குது. கெயினை எல்லாம் மாத்திப் பாத்துட்டேன், ரெண்டு ஐஜிபிடி (பவர் ஸ்விட்ச்) வேற போச்சு. அடுத்த மாசம் ரிவ்யூ, யாராவது காப்பாத்துங்க.

ஜீரோ_க்ராசிங்
முதல்ல ஒண்ணு சொல்லுங்க, உங்க சப்ளை வோல்டேஜை ஸ்கோப்ல போட்டுப் பாத்தீங்களா? கரன்ட் இல்ல, வோல்டேஜ்.

அரைகுறை_இஞ்சினியர்
இப்பதான் பாத்தேன் அண்ணா. சைன் வேவோட தலையை அரிவாளால சீவின மாதிரி இருக்கு, மேலயும் தட்டை கீழயும் தட்டை. டிஹெச்டி 6% காட்டுது. பக்கத்துல கம்ப்யூட்டர் லேப், அதே லைன்தான்.

ஜீரோ_க்ராசிங்
அப்ப விஷயம் கிடைச்சாச்சு. சிமுலேஷன்ல நீங்க சுத்தமான சைன் சோர்ஸ் வச்சிருப்பீங்க. பி-க்யூ தியரி செய்யுறது சோர்ஸ்ல இருந்து வர்ற பவரை நிலையா வைக்கிறது மட்டும்தான், கரன்டை சைன் ஆக்குறேன்னு அது எங்கயும் சொல்லல. வோல்டேஜ் சுத்தமா இருந்தா ரெண்டும் ஒண்ணுதான், அதனால வித்தியாசமே தெரியாது. வோல்டேஜ் நெளிஞ்சிருந்தா, பவர் நிலையா இருக்கணும்னா கரன்டும் அதுக்கு எதிரா நெளிஞ்சே ஆகணும், அதைத்தான் உங்க ஃபில்டர் ரொம்ப ஒழுங்கா செஞ்சுக்கிட்டு இருக்கு, நீங்க அதைத் திட்டுறீங்க. அளந்த வோல்டேஜை நேரா கணக்குல விடாதீங்க. முதல்ல அதுல இருந்து ஃபண்டமென்டல் பாசிட்டிவ் சீக்வென்ஸை (சரியான ஃபேஸ் வரிசையில வர்ற சுத்தமான 50 ஹெர்ட்ஸ் பகுதி) மட்டும் பிரிச்சு எடுத்துட்டு அதை விடுங்க, டபுள் சோஜி பிஎல்எல் (அந்தப் பகுதியை வடிகட்டி அதோட ஆங்கிளைப் பிடிக்கிற கணக்கு) போட்டா போதும். சாதாரண பிஎல்எல்ன்னா 5வது, 7வது ஹார்மானிக் டிக்யூ ஃப்ரேமுக்கு (50 ஹெர்ட்ஸ் கூடவே சுத்துற அச்சு) வந்ததும் ரெண்டுமே 300 ஹெர்ட்ஸ் ஆயிடும், அந்த ரிப்பிள் ஆங்கிள்ல ஏறி எல்லாத்தையும் கெடுக்கும். 3வது ஹார்மானிக் பத்தி கவலைப்படாதீங்க, மூணு ஃபேஸ்லயும் ஒரே அளவுல ஒரே சமயத்துல வர்றதால ஆல்ஃபா பீட்டாவுக்கு (மூணு ஃபேஸை ரெண்டு அச்சா மாத்துற கணக்கு) மாத்தினதுமே காணாமப் போயிடும்.

நான் சொல்றது சரியான்னு பாக்க சுலபமான வழி: கோடை ஒரு எழுத்து கூட மாத்தாம, ஞாயித்துக்கிழமை கம்ப்யூட்டர் லேப் பூட்டியிருக்கும்போது ஒரு தடவை ஓட்டுங்க. வோல்டேஜைக் கெடுக்குறது அந்த கம்ப்யூட்டருங்கதான்னா டிஹெச்டி தானா இறங்கும்.

டெட்டைம்_தாத்தா
டிலேவையும் பாக்கணும் தம்பி. சாம்பிள் எடுத்து கணக்கு போட்டு பிடபிள்யூஎம் (ஸ்விட்சை ஆன் ஆஃப் பண்ற பல்ஸ்) வெளிய வர்றதுக்குள்ள ஒன்றரை சாம்பிள் போயிடும், 10 கிலோஹெர்ட்ஸ்ல அது 150 மைக்ரோ செகண்ட். 50 ஹெர்ட்ஸ்ல இது ஒண்ணுமே இல்ல. 5வது ஹார்மானிக்ல 13.5 டிகிரி, 13வதுல 35, 25வதுக்கு 67.5 ஆயிடுது, அந்த இடத்துல நீங்க கழிக்கிறதா நினைச்சு கொஞ்சம் கூட்டிக்கிட்டு இருப்பீங்க. வெறும் பிஐ கன்ட்ரோலர் வச்சு இதைப் பிடிக்க முடியாது. டிக்யூல 300, 600ன்னு ரிசொனன்ட் கன்ட்ரோலர் (அந்த ஒரு ஃப்ரீக்வென்சில மட்டும் பலமா வேலை செய்யுறது) போடுங்க, 300ல போடுற ஒண்ணே 5, 7 ரெண்டையும் பாத்துக்கும், ஆனா ஒவ்வொண்ணுக்கும் டிலே டிகிரியை முன்னாடியே தள்ளிக் குடுக்கணும், இல்லன்னா ஆசிலேட் ஆகும், மூணாவது ஐஜிபிடியும் போகும். ஹிஸ்டரிசிஸ் கன்ட்ரோல் (கரன்ட் எல்லையைத் தாண்டினா உடனே ஸ்விட்ச் பண்றது) ஈசின்னு யாராவது சொல்வாங்க, எழுத ஈசிதான், ஸ்விட்சிங் ஃப்ரீக்வென்சி ஓடுற ஓட்டத்துல ரிப்பிள் ஃபில்டர் டிசைன் பண்ண உக்காந்தா அழுகை வரும்.

பல்லடத்து_மில்லுக்காரன்
ஏனுங்க தம்பி, கன்ட்ரோல் எல்லாம் இவங்க சரியாத்தான் சொல்றாங்க, ஆனா உங்க தலைப்பே தப்புங்க. ஷன்ட் ஃபில்டர் உங்க லோடு கரன்டைத்தான் சுத்தம் பண்ணும். வோல்டேஜைக் கெடுக்குறது பக்கத்து வீட்டுக்காரன்னா நீங்க என்ன பண்ணியும் அது அப்படியேதான் இருக்கும். வோல்டேஜை சரி பண்ணணும்னா லைன்ல ட்ரான்ஸ்ஃபார்மர் வச்சு சீரீஸ்ல ஏத்தணும், இருக்க வேண்டிய சைன்ல இருந்து இருக்குற வோல்டேஜைக் கழிச்சா என்ன வருதோ அதுதான் ரெஃபரன்ஸ். சைஸ் சின்னதாத்தான் வரும், ஆனா ஷார்ட் சர்க்யூட் ஆனா மொத்த கரன்டும் அது வழியாத்தான் போகும், பைபாஸ் இல்லாம வச்சீங்கன்னா அவ்வளவுதான்.

ஷன்ட்லயே ஒரு வழி இருக்குங்க, லோடு கரன்டைப் பாக்காம வோல்டேஜ் ஹார்மானிக்கை அளந்து அதுக்கு ஏத்த அளவு கரன்டை உள்ள இழுக்கச் சொல்றது, ஹார்மானிக்குக்கு மட்டும் ரெசிஸ்டன்ஸ் மாதிரி நடிக்கும். கெப்பாசிட்டர் பேங்க் இருக்குற இடத்துல இதோட அருமை தெரியும். எங்க மில்லுல 500 கேவிஏ ட்ரான்ஸ்ஃபார்மர், இம்பீடன்ஸ் 5%, அதாவது ஃபால்ட் லெவல் 10 எம்விஏ, அதுல 200 கேவிஏஆர் கெப்பாசிட்டர். 10,000ஐ 200ஆல வகுத்து ரூட் போட்டா ரிசொனன்ஸ் 50 ஹெர்ட்ஸோட 7.07 மடங்குல வருது, நேரா 7வது ஹார்மானிக் மடியில போயி உக்காந்துருச்சு. கெப்பாசிட்டர் டப்பா பூரி மாதிரி உப்பிக் கிடந்துச்சுங்க. நாங்க கடைசியில கெப்பாசிட்டரோட சீரீஸ்ல 7% ரியாக்டர் (காயில்) போட்டு ரிசொனன்ஸை 189 ஹெர்ட்ஸுக்கு இறக்கினோம்.

அரைகுறை_இஞ்சினியர்
அப்டேட். ஞாயித்துக்கிழமை வாட்ச்மேன்கிட்ட கெஞ்சி லேப் திறந்து பழைய கோடையே ஓட்டினேன், 6%. திங்கக்கிழமை பத்து மணிக்கு திரும்ப 11! சோஜி போட்டதும் திங்கக்கிழமையே 6.5% வந்துருச்சு, நேத்து ராத்திரி 300ல ரிசொனன்ட் சேத்து டிலேவும் குடுத்தேன், இப்ப 4.2%. எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

வோல்டேஜ் மட்டும் அதே மொட்டைத் தலை, 6%. மில்லு அண்ணன் சொன்னதை கைடுகிட்ட சொன்னேன், சரிதான்னு ஒத்துக்கிட்டார், ஆனா அந்தத் தலைப்புல போஸ்டர் ஏற்கனவே பிரிண்டுக்குப் போயிடுச்சாம்.