வாக்காளர் உறுதிமொழிக்கு வரும் மாணவர்கள் வார்டு வாக்காளர்கள் கூடும் பகுதி சபாவுக்கு ஏன் வருவதில்லை?

கேள்வி கேட்டவர்: வேளச்சேரி ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். தென்சென்னையில் உள்ள ஒரு கலை, அறிவியல் கல்லூரியில் வணிகவியல் கற்பிக்கிறேன். நான்கு ஆண்டுகளாக நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் தேசிய வாக்காளர் தினமான ஜனவரி 25 அன்று மாணவர்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, வலக்கையை நீட்டச் சொல்லி உறுதிமொழி படிக்கிறோம். படம் எடுத்து அறிக்கையோடு அனுப்பி வைக்கிறோம். இந்த ஆண்டு அது முடிந்து வகுப்புக்குத் திரும்பியதும், ஏதோ தோன்றி, "உங்களில் எத்தனை பேருக்கு வாக்காளர் அட்டை இருக்கிறது?" என்று கேட்டேன். பாதி வகுப்புகூடக் கை தூக்கவில்லை. "நம் கல்லூரி எந்த வார்டில் இருக்கிறது?" என்றபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அப்போது தெரியாது. மேசைக்கு அடியில் கைபேசியை வைத்துப் பார்த்துத்தான் சொன்னேன்.

இவர்கள் அக்கறை இல்லாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இதே வயதுப் பிள்ளைகள் இடுப்பளவு நீரில் உணவுப் பொட்டலங்களைத் தலையில் சுமந்து போனதைப் பார்த்தவன் நான். இன்றும் கடற்கரையில் குப்பை பொறுக்க அழைத்தால் ஞாயிறு காலை ஆறு மணிக்கு வந்து நிற்கிறார்கள். ஆனால், அந்தக் குப்பை அடுத்த ஞாயிறும் அதே இடத்தில் ஏன் கிடக்கிறது, அதை அள்ளுவது யார் பொறுப்பு, அவரை எங்கே போய்க் கேட்பது என்ற பேச்சு வந்ததும் கூட்டம் மெல்லக் கலைந்துவிடுகிறது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும் என்பது திட்டத்தின் விதி. அதில் ஒரு மணி நேரம்கூட இந்த மாநகரம் எப்படி நடக்கிறது என்று பார்ப்பதில் கழியவில்லை என்பதே என் ஆதங்கம்.

தடைகள் இரண்டு. மாணவர்களில் பலர் வெளிமாவட்டத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்பவர்கள். இந்த ஊரைத் தம் ஊராக அவர்கள் நினைப்பதில்லை. அடுத்தது நிர்வாகம், வார்டு என்ற சொல் காதில் விழுந்தாலே "கல்லூரிக்குள் அரசியல் வேண்டாம் சார்" என்கிறார்கள். இவற்றைக் கடந்து எதையாவது செய்து பார்த்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற மாநகராட்சி ஊழியர், பெரம்பூர்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். பிள்ளைகளைக் குறை சொல்லுமுன் ஒரு கணக்கைப் பார்த்துவிடுங்கள். சென்னை மாமன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. இடையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர் நிர்வாகம். இன்று உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் பள்ளியில் படித்த அந்த ஆண்டுகளில், தெருவிளக்கு எரியவில்லை என்று அப்பாவோ அம்மாவோ கவுன்சிலர் வீட்டு வாசலுக்குப் போய் நின்றதை அவர்கள் பார்த்திருக்க வழியே இல்லை. பார்க்காத ஒன்றைப் பழகு என்றால் எப்படிப் பழகுவார்கள்? தேர்தல் வந்தபோது பெரியவர்கள் மட்டும் என்ன செய்துவிட்டார்கள்! மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 61 விழுக்காடு வாக்குப் பதிவானபோது, சென்னையில் 44 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

அந்த ஆண்டு வகுக்கப்பட்ட விதிகளின்படி, ஒவ்வொரு வார்டுக்கும் மாமன்ற உறுப்பினர் தலைமையில் ஒரு வார்டு குழுவும், அதன்கீழ்ப் பகுதி சபாக்களும் உண்டு. அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எவரும் பகுதி சபாவின் உறுப்பினர்தான். யாரும் அவரை நியமிக்க வேண்டியதில்லை. ஆகவே விடுதி மாணவர் இங்கே பெயர் சேர்த்தால் ஐந்து ஆண்டுக்கு ஒரு நாள் ஓட்டுப் போடும் உரிமையோடு, விடுதி வாசலில் தேங்கும் தண்ணீரைப் பற்றிச் சபையில் எழுந்து கேட்கும் இடமும் கிடைக்கிறது. படிவம் 6-உடன், இவர் எங்கள் விடுதியில் தங்கிப் படிக்கிறார் என்று கல்லூரி முதல்வர் தரும் சான்றிதழை இணைத்தால் விடுதி முகவரியிலேயே சேர்த்துக்கொள்வார்கள். ஏற்கெனவே சொந்த ஊரில் பெயர் இருந்தால் படிவம் 8 கொடுத்து மாற்ற வேண்டும். இரண்டு இடத்திலும் வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் தேதியும் தகுதி நாள் என்பதால், பதினெட்டு நிறைந்தவர் அடுத்த ஜனவரிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

செய்யக்கூடிய ஒரு வேலையும் சொல்கிறேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் வாக்கில், கல்லூரிக்கு எதிரே உள்ள ஒரே ஒரு தெருவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சாலையோரக் கல்லில், மழைநீர் வடிகாலுக்குள் தண்ணீர் இறங்குவதற்கென்று விட்டிருக்கும் வாய்களை மாணவர்கள் எண்ணட்டும். பலவற்றில் கட்டட வேலை செய்தவர்கள் கொட்டிய சிமெண்டு இறுகியிருக்கும். சிலவற்றின்மேல் புதுத் தார் ஏறியிருக்கும். ஒன்றிரண்டில் இளநீர்க் கூடு செருகியிருக்கும். வாய் நன்றாகத் திறந்திருந்தும், அதை நோக்கிச் சரிய வேண்டிய சாலை எதிர்ப்பக்கம் சரிந்திருப்பதும் உண்டு; ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் தெரிந்துவிடும். ஒரு தாளில் தெருவை வரைந்து, எந்தக் கதவு எண்ணுக்கு எதிரே எந்த வாய் அடைபட்டிருக்கிறது என்று குறித்து, வார்டு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பணியில் இருந்த காலத்தில், "ஏரியா முழுக்கத் தண்ணீர்" என்று வரும் மனுவைவிடக் கதவு எண்ணோடு வரும் மனுவைத்தான் நான் முதலில் கையில் எடுப்பேன்.

பதில் 2: விடுதி மாணவி, மூன்றாம் ஆண்டு

ஐயா இருவருக்கும் வணக்கம். நான் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து இங்கே படிக்கிறேன். எங்களுக்கு ஊர்ப்பற்று இல்லை என்பது போல ஆசிரியர் எழுதியிருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. எங்களுக்கு ஊர் இருக்கிறது. அது சென்னை இல்லை, அவ்வளவுதான்.

என் பெயர் ஊர்ப் பட்டியலில்தான் இருக்கிறது, அதை மாற்றும் எண்ணமும் எனக்கு இல்லை. சென்ற அக்டோபர் 2 அன்று முதன்முறையாகக் கிராம சபைக்குப் போனேன். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காக்களும் பாட்டிகளும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். ஊராட்சிச் செயலர் வரவு செலவைப் பேருந்து நடத்துநர் நிறுத்தம் சொல்வது போல மளமளவென்று படித்துக்கொண்டு போனார். தெருவிளக்கு வாங்கிய வரியை மட்டும் திரும்பப் படிக்க முடியுமா என்று எழுந்து கேட்டேன். என் கால் நடுங்கியது எனக்குத்தான் தெரியும். பெரியப்பா என்னை முறைத்தார். செயலர் மறுபடி, இந்த முறை நிதானமாக, எத்தனை விளக்கு, என்ன விலை என்று படித்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது; ஊழல் எதுவும் வெளியே வந்துவிடவில்லை. ஆனால், அதற்குப் பிறகு மற்ற வரிகளையும் அவர் நிதானமாகவே படித்தார். கூட்டம் முடிந்ததும் இரண்டு அக்காக்கள், "பாப்பா, குழாய்க்கு ஒரு மனு எழுதிக் குடு" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆகவே விடுதியில் இருப்பவர்கள் எல்லாரையும் இங்கே பெயர் மாற்றச் சொல்லாதீர்கள். இப்போது கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவை எப்படியும் விடுமுறை நாள்கள். கூட்டம் முடிந்து இரவுப் பேருந்து பிடித்துக் கிளாம்பாக்கம் வந்து சேர்ந்து முதல் பாடவேளைக்குள் வகுப்பில் இருப்பது கடினம் என்பதால், மறுநாள் ஒரு நாளை மட்டும் வருகையாகக் கணக்கிட்டால் போதும். எங்களில் பலர் எதற்கும் போகாமல் இருப்பதற்குக் காரணம் அலட்சியம் இல்லை ஐயா, 75 விழுக்காடு வருகைப்பதிவு.

பதில் 3: வழக்கறிஞர், ஒரு மாணவனின் தாய், அண்ணா நகர்

நிர்வாகத்தின் அச்சத்தைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். அந்த அச்சம் வெறும் சாக்கு என்று தள்ள முடியாது. 1965-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்கள் மாணவர்கள். 2017 ஜனவரியில் மெரினாவில் இரவு பகலாக அமர்ந்திருந்தவர்களிலும் அவர்களே மிகுதி. 23-ஆம் தேதி காலையில் காவல்துறை அவர்களைக் கலைத்த விதமும் இந்த நகரத்துப் பெற்றோருக்கு மறக்கவில்லை. என் மகன் வீடு திரும்பத் தாமதமானால் எனக்கும் அந்தக் காலைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் கட்சி வேறு, ஆட்சி வேறு. 61-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1989-இலேயே வாக்குரிமை வயதைப் பதினெட்டாக்கிவிட்டது. இருபத்தொரு வயதில் மாமன்ற உறுப்பினர் பதவிக்கே போட்டியிடலாம். முதுகலை முதலாண்டில் இருக்கும் ஒருவர் மாமன்றத்தில் தீர்மானத்தின்மீது பேசத் தகுதியானவர் என்று சட்டம் சொல்லும்போது, அதே ஆளிடம் வார்டு என்ற சொல்லை உச்சரிக்காதே என்று கல்லூரி சொல்வது வேடிக்கைதான். லிங்டோ குழுவின் பரிந்துரைகளை ஏற்று, மாணவர் தேர்தல்களை அவற்றின்படி நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் ஆணையிட்டும், மதிப்பெண் பார்த்து வகுப்புப் பிரதிநிதியை ஆசிரியரே அமர்த்தும் கல்லூரிகள் இங்கு இன்னும் இருக்கின்றன. தன் வகுப்புக்கே ஓட்டுப் போட்டுப் பழகாதவர் வார்டுக்குப் போடுவார் என்று எதிர்பார்க்கிறோம்.

பெரம்பூர் ஐயாவின் வடிகால் யோசனை நல்லதுதான்; ஒரு தயக்கம் மட்டும் உண்டு. அடைப்பைக் கண்டுபிடிப்பது சம்பளம் வாங்குபவர்களின் வேலை. மாணவர்கள் அந்தக் கணக்கெடுப்போடு நின்றுவிட்டால் அது இன்னொரு கடற்கரைக் குப்பைப் பணியாகிவிடும். இந்தத் தெருவில் வடிகால் கடைசியாக எப்போது தூர்வாரப்பட்டது, அதற்கு எவ்வளவு செலவானது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் ஒரு மனுவும் போகட்டும். கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளில் பதில் தர வேண்டும். எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் மனுவை ஆசிரியர் தம் பெயரில், தம் முகவரியில் அனுப்புவது நல்லது. படிக்கும் காலத்தில் நான் அனுப்பிய மனு ஒன்றுக்கு, ஓர் அலுவலகத்திலிருந்து பதில் வருமுன் என் தந்தைக்குத் தொலைபேசி வந்தது, "பொண்ணுக்கு எதுக்கு சார் இதெல்லாம்" என்று. அப்பா சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். எல்லா வீட்டிலும் அப்படிச் சிரிக்க மாட்டார்கள்.

கேள்வி கேட்டவர்: வேளச்சேரி ஆசிரியர்

மூவருக்கும் நன்றி. மாணவியின் கண்டனத்தை ஏற்கிறேன். "தம் ஊராக நினைப்பதில்லை" என்று எழுதியபோது அவர்களுக்கு வேறோர் ஊர் இருப்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

நேற்று முதல்வரைப் பார்த்தேன். வார்டு, சபா என்ற சொற்களை எடுக்காமல், விடுதிச் சான்றிதழ் மாதிரியை மட்டும் நீட்டினேன். அது தேர்தல் ஆணையம் கேட்பது என்றதும் மறுப்பில்லாமல் ஒப்புதல் தந்தார். இங்கே பெயர் சேர்ப்பதா, ஊரிலேயே வைத்துக்கொள்வதா என்பதை மாணவர்களே முடிவு செய்யட்டும் என்று விட்டிருக்கிறேன். கிராம சபைக்கு மறுநாள் வருகை வழங்குவதைத் துறைத்தலைவர்கள் கூட்டத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறார். ஊராட்சியில் கையெழுத்து வாங்கி வர வேண்டும் என்ற நிபந்தனை வரலாம். தகவல் மனு என் பெயரில், என் வீட்டு முகவரியிலிருந்து போகும்.

வடிகால் வாய்களை எண்ணுவதற்கு முன்னோட்டமாக இன்று மாலை நான்கு மாணவர்களோடு கல்லூரி வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நடந்தோம். பதினான்கு எண்ணினோம், ஐந்து அடைபட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று எங்கள் கல்லூரியே நடைபாதையில் சிமெண்டு பூசியபோது அடைத்தது. அதை யாரிடம் மனுவாகக் கொடுப்பது என்று ஒரு மாணவன் கேட்டான். முதல்வரிடம்தான் கொடுக்க வேண்டும் என்றேன். நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கலாமா என்று அடுத்து கேட்டான். திங்கட்கிழமை அவனையே எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.