கை பொய் சொல்லாத படங்கள்: பத்து வருஷத்துல உங்களுக்குப் பிடிச்சது எது?

பவர்டேபிள்காரன்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில பதினேழு வருஷமா டெய்லரா இருக்கேன். ஓவர்லாக், ஃபிளாட்லாக் ரெண்டும் ஓட்டுவேன். சொந்த ஊர் போடி பக்கம். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்தா ஞாயித்துக்கிழமை ஒரு படம். கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே இதுதான் பழக்கம்.

திரையில யாராவது வேலை செஞ்சா என் கண்ணு முகத்துக்குப் போகாது, கைக்குத்தான் போகும். எத்தனையோ படத்துல தையல் மெஷின் முன்னாடி ஒரு அம்மாவை உட்கார வச்சிருப்பாங்க. சக்கரம் சுத்தும், ஊசி இறங்கும், துணி மட்டும் நகரவே நகராது. அதைப் பார்த்துட்டா போச்சு. அதுக்கப்புறம் அந்த அம்மா எவ்வளவு அழுதாலும் எனக்கு ஒட்டாது. தொழில் தெரிஞ்ச கை துணியைத் தள்ளாது, லேசா வழி காட்டும். அது கேமரா முன்னாடி ஒரு நாள்ல வந்துடாதுங்க.

அதனால, இந்தப் பத்து வருஷத்துல எனக்குப் பிடிச்ச படங்களை எழுதிப் பார்த்தா எல்லாமே அந்தக் கை சரியா இருக்கிற படங்களாத்தான் வருது. முதல் இடம் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. 2018 ஆகஸ்ட்ல வந்துச்சு, லெனின் பாரதி இயக்கம். எங்க அப்பா ஏலத்தோட்டத்துல சுமை தூக்கினவர். அவரைக் கூட்டிட்டுப் போய்தான் பார்த்தேன். இருட்டு விலகறதுக்கு முன்னாடியே கதாநாயகன் ரங்கசாமி மலையேறக் கிளம்பினதுமே அப்பா சீட்டு நுனிக்கு வந்துட்டார். “ஏத்தம் ஒண்ணும் செய்யாதுடா, இறக்கம்தான் முட்டியைத் தின்னும்”னு என் காதுல சொன்னார். மூட்டை கைநழுவி ஏலக்காய் சரிவுல சிதறுற இடத்துல, பக்கத்துல இருந்தவங்க திரும்பிப் பார்க்கிற அளவுக்கு ஒரு சத்தம் போட்டார். கடைசியில தன் நிலத்துலயே கரண்ட் எடுக்கிற காத்தாடிக்குக் காவல்காரனா ரங்கசாமி உட்கார்ந்திருப்பான்ல, அப்போ அப்பாகிட்ட இருந்து ஒரு சத்தமும் இல்லை. வெளியே வந்து டீ குடிக்கிற வரைக்கும் பேசலை.

ரெண்டாவது ‘கடைசி விவசாயி’, 2022. அதுல மாயாண்டியா வர்ற நல்லாண்டி ஐயா நிஜமாவே உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி. படம் வெளியாகறதுக்கு முன்னாடியே காலமாயிட்டார். தேசிய விருதுல அவருக்குச் சிறப்புக் குறிப்பு கொடுத்தாங்க, வாங்கிக்க அவர்தான் இல்லை. அவர் வயல்ல குனியறதைப் பாருங்க. குனியணும்னு யோசிச்சுக் குனிய மாட்டார், மண்ணு கூப்பிட்டதும் உடம்பு தானா போகும். செத்துக்கிடந்த மயிலைப் புதைச்சதுக்கு அவர் மேல கேஸ். கோர்ட்ல நிக்கிறப்பவும் அவருக்குக் கவலை எல்லாம் வயல்ல காயுற பயிரைப் பத்தித்தான். பயிரைப் பார்த்துக்கச் சொல்லி ஒரு போலீஸ்காரருக்கு நீதிபதி உத்தரவு போடுவாங்க பாருங்க, அந்த ஒரு காட்சிக்காகவே இயக்குநர் மணிகண்டனுக்கு நான் கடன்பட்டிருக்கேன்.

அதே மணிகண்டனோட ‘காக்கா முட்டை’யும் என் கணக்குல உண்டு. 2015ல வந்தது. தண்டவாள ஓரத்துல கரி பொறுக்குற அந்த ரெண்டு பசங்களும் எடைக்கடையில காசை எண்ணி வாங்குற வேகமே சொல்லிடும். 299 ரூபாய் பீட்சா அவங்களுக்கு எத்தனை கூடை கரின்னு நமக்கே மனசுல ஓட ஆரம்பிச்சிரும்.

‘மண்டேலா’வும் பிடிக்கும். கொல்லைப்புறமா வரச் சொல்லுற வீடுகள்ல முடி வெட்டுறவரா யோகி பாபு வருவார். அவரைச் சிரிப்புக்கு மட்டும் வச்சிருந்தவங்க எல்லாரும் அந்தப் படத்தைப் பார்க்கணும்.

விஷயத்துக்கு வர்றேன். அப்பாவுக்கு அடுத்த மாசம் கோயமுத்தூர்ல முட்டி ஆபரேஷன். முடிஞ்சதும் அம்மாவும் அவரும் ரெண்டு மாசம் எங்க வீட்டுலதான். பகல் பூரா உட்கார்ந்தே இருக்கணும். சண்டைப் படம் போட்டா அப்பா தூங்கிடுவார். உங்களுக்குப் பிடிச்ச படம் எது, அதுல எந்த வேலை சரியா இருக்குன்னு சொல்லுங்க. நீங்க செஞ்ச வேலையா இருந்தா இன்னும் நல்லது.

ஆத்தங்கரை

அண்ணாச்சி, ‘வாழை’யைச் சொல்லாம விட்டுட்டீங்களே. 2024 ஆகஸ்ட்ல வந்த மாரி செல்வராஜ் படம். எனக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம். எட்டாப்பு படிக்கும்போது சனி, ஞாயிறு நானும் காய் சுமக்கப் போனவன்தான்.

வெளியில இருந்து பார்க்கிறவனுக்குத் தார் கனம் மட்டும்தான் தெரியும். வயலுக்குள்ள சேறு. ஒரு காலை உருவி எடுத்து அடுத்ததை வைக்கிறதுக்குள்ள தலையில இருக்கிற தார் ஒரு பக்கமாச் சாயும். சும்மாடு நழுவிட்டா கழுத்து ஒடிஞ்ச மாதிரி ஆயிரும். அப்புறம் அந்தக் கறை. வாழைக்கறை பட்ட சட்டை எத்தனை தண்ணியில அலசினாலும் போகாது, நாள் ஆக ஆகக் கறுத்துக்கிட்டே வரும். திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துல சட்டையைப் பார்த்தாலே யாரு காய் சுமக்கப் போனான்னு தெரிஞ்சிரும். எங்க அம்மா எனக்குன்னு ஒரு பழைய சட்டையைத் தனியா ஆணியில மாட்டி வச்சிருந்தா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த ஆணியைப் பார்த்தாலே எனக்கு வயித்தைக் கலக்கும்.

படத்துல சிவனணைஞ்சான் வேலைக்குப் போகாம இருக்க என்னென்ன வழி தேடுதான்! அக்கா அவனைத் தாங்கிக்கிடுதா. தியேட்டர்ல அதுக்குச் சிரிச்சாங்க, நான் சிரிக்கலை. எனக்கும் காய்ச்சல் வராதான்னு வேண்டிக்கிட்ட ராத்திரிகள் இருக்கு.

மாரியோட ‘பரியேறும் பெருமாள்’தான் பெரிய படம்னு எல்லாரும் சொல்லுவாங்க. எனக்கும் அது பெரிய படம்தான், அதுல வர்ற நாய் கருப்பிக்காக இன்னைக்கும் அழுவேன். ஆனா என் படம்னா ‘வாழை’தான்.

ஒண்ணு மட்டும் சொல்லுதேன். ஆபரேஷன் முடிஞ்ச கையோட அப்பாவுக்கு அதைப் போடாதீங்க. முடிவு தாங்காது. கொஞ்சம் தேறட்டும்.

குத்துச்சண்டை ரசிகன்

‘சார்பட்டா பரம்பரை’ பாருங்க. கை சரியா இருக்கான்னு கேட்டீங்க, நான் காலைப் பார்க்கச் சொல்லுவேன். டான்சிங் ரோஸ் வளையத்துக்குள்ள வந்ததும் கால் ரெண்டும் தரையில பாவாது. பசுபதி சாரோட ரங்கன் வாத்தியார் வெளியில நின்னுக்கிட்டே ஒவ்வொரு குத்துக்கும் தோளைக் கொஞ்சம் அசைப்பார். வடசென்னையில வளர்ந்தவன் நான், அந்த மாதிரி வாத்தியாருங்க நிஜமாவே அப்படித்தான் நிப்பாங்க. 2021ல நேரா ஓடிடியில வந்துடுச்சு. தியேட்டர்ல விசிலடிச்சுப் பார்க்க முடியலையேன்னு இன்னமும் மனசு ஆறலை.

அஞ்சரைப்பெட்டி

அண்ணா, நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். மூட்டை, வயல், கத்தரிக்கோல் எல்லாம் இருக்கு. அடுப்பைக் காணோம். அதுவும் வேலைதானே?

எனக்குப் பிடிச்ச படம் மலையாளத்துல வந்த ‘த கிரேட் இந்தியன் கிச்சன்’. 2021 ஜனவரியில வந்தது, ஜியோ பேபி இயக்கம். காய் நறுக்குறது, தேங்காய் துருவுறது, பாத்திரம் தேய்க்கிறது. இதையே திரும்பத் திரும்பக் காட்டுவாங்க. சாப்பிட்டு முடிச்ச மேஜையில மென்னு துப்பின முருங்கைக்காய்ச் சக்கை அப்படியே கிடக்கும். அதை வழிச்சு எடுக்கிற கை யாரோடதுன்னு இத்தனை வருஷத்துல எந்தப் படமும் எனக்குக் காட்டினதில்லை. மாமனார் ரொம்ப மென்மையாத்தான் பேசுவார்: சோறு விறகடுப்புல வைம்மா, துணியைக் கையால துவைம்மா. திட்டவே மாட்டார். அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுது.

சிங்க்குக்குக் கீழ குழாய் ஒழுகும். புருஷன்கிட்ட ஆள் கூப்பிடச் சொல்லிச் சொல்லி அந்தப் பொண்ணுக்கு அலுத்துப்போகும். எங்க வீட்டுலயும் அதே மாதிரி ஏழு மாசம் ஒழுகிச்சுண்ணா. அடியில ஒரு பழைய பெயின்ட் டப்பா வச்சிருந்தேன். ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி கடைசி வேலை அதைக் கொண்டுபோய்க் கொட்டுறது. படம் பார்த்த மறுநாள் நானே பிளம்பருக்கு போன் பண்ணினேன். இருபது நிமிஷ வேலை.

தமிழ்லயே வேணும்னா ‘கூழாங்கல்’. வெயில்ல நடக்கிற அப்பனையும் பையனையும் பத்தித்தான் எல்லாரும் எழுதுறாங்க. கடைசிக் காட்சியில ஊத்துத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா மொண்டு குடத்துல ஊத்துற பொம்பளைங்களை யாராவது எழுதுங்களேன். உங்க அம்மாவையும் பக்கத்துல உட்கார வச்சுப் போடுங்க.

பவர்டேபிள்காரன்

தங்கச்சி, சொன்னது சரி. நான் எழுதின வரிசையில ஒரு பொம்பளை கைகூட இல்லை. இத்தனைக்கும் எங்க லைன்ல பத்துக்கு ஏழு பேர் பொண்ணுங்க. எட்டரைக்கு கம்பெனிக்குள்ள வரணும்னா நாலரைக்கு எழுந்து சமைச்சு வச்சுட்டுத்தான் வர்றாங்க. அது என் கண்ணுல படலையேன்னு நெனைச்சா மனசு கஷ்டமா இருக்கு. ‘கூழாங்கல்’ நான் இன்னும் பார்க்கலை, 2021ல ராட்டர்டாம் திரைப்பட விழாவுல டைகர் விருது வாங்கினதுன்னு மட்டும் தெரியும். கண்டிப்பாப் போடுறேன்.

ஆத்தங்கரை தம்பி, அந்த ஆணியில தொங்குற சட்டையை என்னால மறக்க முடியாதுப்பா.

நீடாமங்கலத்தான்

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஓசூர்ல ஒரு டூல் ரூம்ல லேத் ஓட்டுறேன். வாரத்துல ஆறு நாள் வேலையைத்தான் பார்க்கிறேன். ஏழாவது நாளும் திரையில அதையே பார்க்க எனக்கு மனசு வராது.

எனக்கு ‘மெய்யழகன்’. 2024 செப்டம்பர்ல வந்தது. ரெண்டு பேர் ஒரு ராத்திரி பூரா பேசிக்கிட்டே இருப்பாங்க, அவ்வளவுதான் கதை. நீளமா இருக்குன்னு எல்லாரும் சொல்லி, வெளியான சில நாள்லயே 18 நிமிஷத்தைக் குறைச்சாங்க. நான் குறைக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை பார்த்துட்டேன். எனக்கு ஒரு நிமிஷம்கூட அதிகமாத் தெரியலை.

எங்க வீடும் பாகப்பிரிவினையில போன வீடுதான். படத்துல அந்த ரெண்டு பேர்ல ஒருத்தரான அருள் வீட்டை விட்டுப் போறப்ப ஒவ்வொரு இடமா நின்னு பார்க்கிறதைப் பார்த்துட்டு, நாங்க கிளம்பின அன்னைக்கு எங்க அப்பா கிணத்தடியில எதுக்கு அவ்வளவு நேரம் நின்னார்னு இருபது வருஷம் கழிச்சுப் புரிஞ்சுது. அப்போ நான் வேன்ல உட்கார்ந்துக்கிட்டு “வாங்கப்பா, நேரமாச்சு”ன்னு கத்திக்கிட்டு இருந்தேன். அப்பா இப்போ இல்லை.

உங்க அப்பாவுக்குப் போடுங்கண்ணே. பேச்சு நிறைய இருக்கிற படம், நடுவுல கண்ணசந்தாலும் விட்ட இடத்துல பிடிச்சுக்கலாம்.

பவர்டேபிள்காரன்

எழுத ஆறு வாரம் ஆயிடுச்சு, மன்னிக்கணும். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. அப்பா இப்போ வாக்கர் பிடிச்சு வாசல் வரைக்கும் நடக்கிறார்.

முதல்ல ‘மெய்யழகன்’ போட்டேன். நீடாமங்கலத்தாரே, அதுல அருள் விட்டுட்டுப் போன பழைய சைக்கிள் இன்னொரு குடும்பத்துக்கே சோறு போட்டிருக்கும் இல்லையா, அந்த இடத்துல அப்பா நிறுத்தச் சொன்னார். மலையில கூடச் சுமை தூக்கின ஒரு சேக்காளிக்கு இவர் கம்பளி ஒண்ணு கொடுத்தாராம். அந்த ஆள் இப்போ எங்கே இருக்காரோன்னு அரை மணி நேரம் அந்தப் பேச்சுதான். மீதிப் படத்தை மறுநாள் பார்த்தோம்.

போன ஞாயித்துக்கிழமை ‘கூழாங்கல்’. ஒண்ணேகால் மணி நேரம்தான் படம். பஸ் காசைப் பையன் கிழிச்சுப் போட்டதுல இருந்து அப்பாவும் நானும் அந்த வெயில் ரோட்டையே பார்த்துக்கிட்டு இருந்தோம். அம்மா பூண்டு உரிச்சுக்கிட்டே அரைக்கண்ணாத்தான் பார்த்தாங்க. கடைசியில ஊத்து வந்ததும் அவங்க கை நின்னு போச்சு. தண்ணி ஊறணும், மொள்ளணும், மறுபடி ஊறணும். கேமராவும் காத்துக்கிட்டு இருக்கு. “அடியில சுரண்டாம மேலாப்புல மொள்ளுறா பாரு, தெரிஞ்சவ. சுரண்டினா கலங்கிடும்”னாங்க. நான் பொறந்த வருஷம் ஊர்ல அப்படித்தான் மொண்டாங்களாம், இடுப்புல என்னையும் வச்சுக்கிட்டு. இத்தனை வருஷத்துல இதை ஒரு தடவைகூட என்கிட்ட சொன்னதில்லை.

படம் முடிஞ்சு எழுத்து ஓடிக்கிட்டு இருக்கும்போதே எழுந்து போய், கொல்லையில தொட்டி நிறைஞ்சிருக்கான்னு பார்த்துட்டு வந்தாங்க.

‘வாழை’ இன்னும் போடலை, தம்பி. அப்பா வாக்கரை விடட்டும்.