கன்னா எந்தப் பக்கம்? கேசவானந்த பாரதி வழக்கின் 7-6 கணக்கு

மாடக்கூடல்:
நேற்று ஒரு தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர் அடித்துச் சொல்கிறார்: “அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் சிதைக்க முடியாது என்று 1973இல் 7 நீதிபதிகள் தீர்ப்பளித்துவிட்டார்கள்.” சுற்றி இருந்தவர்கள் தலையாட்டுகிறார்கள். அவர் சொல்வது கேசவானந்த பாரதி வழக்கை: அரசியலமைப்பைத் திருத்தும் நாடாளுமன்றத்தின் அதிகாரத்துக்கு எல்லை உண்டா என்று உச்ச நீதிமன்றத்தின் 13 நீதிபதிகள் விசாரித்து, உண்டு என்று 7-6இல் முடிந்தது. அந்த 7 எங்கே இருக்கிறது? அப்படிச் சொன்னவர்கள் 6 பேர்தான்: சிக்ரி, ஷெலத், குரோவர், ஹெக்டே, முகர்ஜியா, ஜெகன்மோகன் ரெட்டி. எதிரே, எதையும் திருத்தலாம் என்ற 6 பேர்: ரே, பாலேகர், மாத்யூ, பேக், துவிவேதி, சந்திரசூட். மிச்சம் எச்.ஆர். கன்னா ஒருவர். அவர் சொன்னது: அரசியலமைப்பின் அடையாளமான அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது, அதற்கு உட்பட்டு, அடிப்படை உரிமைகள் உட்பட எந்தப் பிரிவையும் திருத்தலாம். உரிமையின் சாரம், கரு என்று சொல்லி எந்தப் பகுதியும் திருத்தத்திலிருந்து தப்ப முடியாது என்றும் எழுதினார். இதை எப்படி ஏழாவது ஓட்டாக எண்ணுகிறீர்கள்?

பிரிவு368:
பாதியை மட்டும் வாசித்துவிட்டுப் பஞ்சாயத்து வைக்கிறீர்கள் சார். அடுத்த முடிவையும் போடுங்கள்: சொத்துரிமை அடிப்படைக் கட்டமைப்பில் சேராது என்கிறார். எந்த அடிப்படை உரிமையும் சேராது என்பது அவர் கருத்தென்றால், சொத்துரிமையை மட்டும் பிரித்தெடுத்து அப்படி எழுத வேண்டிய அவசியம் என்ன? 1975இல் இந்திரா காந்தி தேர்தல் வழக்கில் அவரே இதை விளக்கிவிட்டார். அடிப்படை உரிமைகள் கட்டமைப்பில் சேராது என்று நான் சொல்லவில்லை என்று எழுதியவர் கன்னாதான். எழுதியவரைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமோ?

மாடக்கூடல்:
1975இல் சொன்னது 1975. அது 5 பேர் அமர்வு. 13 பேர் தீர்ப்புக்கு இரண்டரை ஆண்டு கழித்து அந்த ஐவரில் ஒருவர் எழுதும் விளக்கம் 1973இன் ஓட்டு எண்ணிக்கையை எப்படி மாற்றும்? நான் கேட்டது தீர்ப்பு வந்த 24-4-1973 அன்று நிலவரம் என்ன என்று. அன்று 6 பேர். 7 இல்லை.

நீலகிரிக்காரன்:
இரண்டு பேரும் 1973, 1975 என்று இழுக்கிறீர்கள். 2007 ஜனவரி 11இல் ஐ.ஆர். கோயெல்ஹோ வழக்கில் 9 பேர் ஒருமனதாக முடித்துவிட்டார்கள். வழக்கே எங்கள் கூடலூர் ஜன்ம நிலத்திலிருந்து, அதாவது ஜமீன் போன்ற பரம்பரை உரிமை நிலத்திலிருந்து, போனது. அந்த உரிமையை ஒழித்த 1969 சட்டத்தில் காட்டு நிலங்களை அரசு எடுப்பது நிலச் சீர்திருத்தம் ஆகாது என்று 1972இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியை ரத்து செய்தது. 1974இல் 34ஆவது திருத்தம் மூலம் அதே சட்டத்தை, அடிப்படை உரிமை மீறல் என்று ரத்து செய்ய முடியாதபடி காக்கும் ஒன்பதாவது அட்டவணைக்குள் வைத்தார்கள். ரத்தான சட்டத்தை அட்டவணைக்குள் வைத்தால் உயிர் வந்துவிடுமா என்பதுதான் கேள்வி. 24-4-1973க்குப் பிறகு அட்டவணையில் சேர்த்த எந்தச் சட்டத்தையும் நீதிமன்றம் சோதிக்கலாம் என்று பதில் வந்தது. முதலில் எந்த உரிமை மீறப்படுகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு அந்த மீறல் 14 (சமத்துவம்), 19 (பேச்சு முதலிய சுதந்திரங்கள்), 21 (உயிர், தனிமனித சுதந்திரம்) பிரிவுகளுக்குப் பின்னால் நிற்கும் கொள்கையையே தகர்க்கிறதா என்று பார்க்க வேண்டும். தகர்த்தால் அட்டவணை காப்பாற்றாது. நடைமுறையில் வேண்டியது இதுதான்.

பிரிவு368:
அதே கோயெல்ஹோ தீர்ப்பு கன்னாவின் 1975 விளக்கத்தை எடுத்துக்கொண்டுதான் நடக்கிறது. 9 பேரும் ஏற்றதை மாடக்கூடல் மட்டும் ஏற்கமாட்டார்.

மாடக்கூடல்:
ஏற்பது வேறு, எண்ணுவது வேறு. 2007இல் சட்டம் அப்படி ஆகிவிட்டது, சரி. 1973இல் 7 பேர் சொன்னார்கள் என்பது அப்போதும் பொய், இப்போதும் பொய். அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் பறிக்கவோ குறைக்கவோ முடியாது என்ற 1967 கோலக்நாத் தீர்ப்பைப் போன மாதம் 7-4 என்று எழுதியவர்தானே நீங்கள்? அது 6-5. சுப்பா ராவோடு சேர்த்து 5 பேர், இதயதுல்லா தனியாக 1. உங்கள் கூட்டல் இந்தத் தளத்துக்கே தெரியும்.

பிரிவு368:
கோலக்நாத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பதில் இல்லாதபோதெல்லாம் பழைய கணக்கைக் கிளறுவது உங்கள் வழக்கம். ஒன்று கேட்கிறேன். 1973 தீர்ப்போடு 9 பேர் கையெழுத்திட்ட பெரும்பான்மைச் சுருக்கம் ஒன்று இருக்கிறதே, அது என்ன?

மாடக்கூடல்:
நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள், நன்றி. அதில் இருப்பது 6 வரிகள். கோலக்நாத் தீர்ப்பு செல்லாது. அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரம் தரும் பிரிவு 368 அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற இடம் தரவில்லை. எந்தப் பிரிவையும் திருத்தலாம் என்ற 24ஆவது திருத்தம் செல்லும். அரசு எடுக்கும் சொத்துக்கான தொகை பற்றிய, 25ஆவது திருத்தத்தின் 2ஆம் பிரிவு செல்லும். அதே திருத்தம் கொண்டுவந்த, சில கொள்கைச் சட்டங்களை அடிப்படை உரிமை வழக்கிலிருந்து காக்கும் 31சியின் முதல் பாதி செல்லும், நீதிமன்றம் கேள்வி கேட்கக் கூடாது என்ற பின்பாதி செல்லாது. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டங்களை ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்த 29ஆவது திருத்தம் செல்லும். இந்த ஆறில் அடிப்படை உரிமை கட்டமைப்பில் சேரும் என்ற வரியைக் காட்டுங்கள். இல்லை. 7 பேர் அப்படிச் சொல்லியிருந்தால் தலைமை நீதிபதி சிக்ரி அதை அங்கே எழுதாமல் விட்டிருப்பாரா? எதிர்ப்பக்கம் நின்ற பாலேகரும் சந்திரசூட்டும்கூடக் கையெழுத்துப் போட்ட தாள் அது. ரே, மாத்யூ, பேக், துவிவேதி நாலு பேரும் போட மறுத்தார்கள். ஷெலத்தும் குரோவரும் சேர்ந்து ஒன்று, ஹெக்டேயும் முகர்ஜியாவும் சேர்ந்து ஒன்று என 13 பேர் 11 தீர்ப்பு எழுதினார்கள். 11ஐயும் படிக்காமல் 7-6 என்று ஒப்பிப்பதுதான் வியாதி.

வைகைக்கரை:
தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டை யாரும் பேசவில்லையே? கூடலூர் சட்டத்துக்கு வந்தது நாளை நமக்கும் வரும். நம் 1993 சட்டம் 76ஆவது திருத்தத்தால் 257ஏ என்ற எண்ணில் அட்டவணையில் ஏறியது 1994இல். 24-4-1973க்குப் பிந்தியது. அட்டவணையில் இருக்கிறது, யாரும் தொட முடியாது என்று மேடையில் பேசுகிறவர்கள் கோயெல்ஹோவைப் படிக்க வேண்டும். புள்ளிவிவரத்தோடு நியாயம் காட்டினால்தான் நிற்கும்.

நீலகிரிக்காரன்:
தம்பி, அதற்குத் தனித் திரி இருக்கிறது. போன தடவை இப்படித்தான் ஆரம்பித்து நாற்பது பதிவு போனது.

வைகைக்கரை:
உங்கள் ஊர் நிலத்தைப் பற்றி நீங்கள் பேசலாம், இடஒதுக்கீட்டை நாங்கள் பேசக் கூடாதா அண்ணே? நல்ல நியாயம்.

பிரிவு368:
மாடக்கூடலுக்கு ஒரே கேள்வி. இந்திரா காந்தி வழக்கை விசாரித்த ஐவரில் ரே, மாத்யூ, பேக், சந்திரசூட் நால்வரும் 1973இல் எதிர்ப்பக்கம் நின்றவர்கள். பெரும்பான்மையிலிருந்து வந்தவர் கன்னா மட்டும். பிரதமரின் தேர்தலை வழக்கிலிருந்து காக்கக் கொண்டுவந்த 39ஆவது திருத்தத்தின் 329ஏ(4)ஐ அந்த அமர்வே ரத்து செய்தது. தோற்ற நால்வர் நடுவில் உட்கார்ந்து கன்னா தன் தீர்ப்புக்கு விளக்கம் எழுதுகிறார் என்றால், அது 1973 தீர்ப்பின் பொருள் இல்லாமல் வேறென்ன?

மாடக்கூடல்:
அந்த நால்வர் கன்னாவின் விளக்கத்தில் கையெழுத்துப் போட்டார்களா? இல்லை. அவரவர் தனித்தனியாக எழுதினார்கள். 329ஏ(4) போனது தேர்தல், சமத்துவம், அதிகாரப் பிரிவினை என்ற காரணங்களால். தேர்தல் வழக்குத் தீர்ப்பு 7-11-1975. மூன்றே நாளில், நவம்பர் 10ஆம் தேதி, கேசவானந்த பாரதி தீர்ப்பையே மறுபரிசீலனை செய்ய, அப்போது தலைமை நீதிபதியாக இருந்த ரே 13 பேரை உட்கார வைத்தார். வழக்கறிஞர் பால்கிவாலா எதிர்த்து வாதிட்டார். மறுபரிசீலனையைத் தமிழ்நாடு கேட்டது என்று ரே சொன்னபோது, நம் அட்வகேட் ஜெனரல் கோவிந்த் சுவாமிநாதன் நாங்கள் கேட்கவில்லை என்றார். 12ஆம் தேதி அமர்வையே கலைத்தார்கள். எல்லாம் தெளிவாக 7 பேர் சொல்லி முடித்த விஷயமென்றால் இந்தக் கூத்து எதற்கு?

பிரிவு368:
மறுபரிசீலனை வேண்டியது அரசாங்கத்துக்கு. நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்தது என்பதை வசதியாக மறக்கிறீர்கள். தீர்ப்பு தெளிவாக இருந்ததால்தான் உடைக்கப் பார்த்தார்கள்.

வைகைக்கரை:
அப்படியானால் தமிழ்நாட்டின் பெயரை ரே ஏன் இழுத்தார்? அதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

மாடக்கூடல்:
அதை அப்புறம் பார்க்கலாம். பிரிவு368, ஏழாவது பெயரைச் சொல்லுங்கள். 24-4-1973 அன்று எழுதியதிலிருந்து காட்டுங்கள். 1975 வேண்டாம், 2007 வேண்டாம்.

பிரிவு368:
கன்னா. எத்தனை தடவை சொல்வது?

மாடக்கூடல்:
எந்த வரியில்?