பிளவுக் காமாவை அளக்க எந்த உணரி?

மாறன்: யுரேனியம்-235 பிளக்கும் கணத்தில் வெளிவரும் காமாக் கதிர்களை அளக்க காமாவின் ஆற்றலை நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும், ஜெர்மானியம் என்ற தனிமத்தாலான உயர்தூய உணரியை விட்டால் வேறு வழியில்லை என்பது என் கருத்து. பிளவு ஒன்றுக்கு ஏழெட்டு காமாக்கள் வருகின்றன. அவையும் அணுக்கரு பிளந்து உண்டாகும் நூற்றுக்கணக்கான வகைத் துண்டுகளிலிருந்து வருகின்றன. 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை அகன்றுவிடும், லாந்தனம் புரோமைடு என்ற ஒளிர்படிக உணரியின் மேட்டை (நிறமாலையில் ஒரு காமா காட்டும் உச்சியை) வைத்துக்கொண்டு எந்தத் துண்டை அடையாளம் காண்பீர்கள்?

இளவேனில்: அடையாளம் காண்பது அடுத்த வேலை, வந்தது பிளவின் காமாதானா என்பதே முதற்கேள்வி. கூடவே சராசரியாக 2.4 நியூட்ரான்கள் புறப்பட்டு, உணரியின் படிகத்திலேயே மோதிப் புதிய காமாக்களை உண்டாக்குகின்றன. ஜெர்மானிய நிறமாலையில் 596, 691 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆகிய இடங்களில் ஒருபுறம் சரிந்து நிற்கும் முக்கோண மேடுகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். 1 மீட்டர் தொலைவைக் காமா 3.3 நானோநொடியில் கடக்கும். 2 மெகா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரானுக்கு 50 நானோநொடி ஆகும். இந்த இடைவெளிதான் நம் ஒரே வடிகட்டி. அதற்கு லாந்தனம் புரோமைடு போன்ற வேகமான படிகம் வேண்டும்.

மாறன்: 50 நானோநொடி ஜெர்மானியத்துக்கும் போதுமே.

இளவேனில்: அது சராசரி நியூட்ரானின் கணக்கு. 8 மெகா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரான் பாதி நேரத்தில் வந்துவிடும். எண்ணிக்கை போதவில்லை என்று உணரியை அரை மீட்டருக்கு நகர்த்தினால் மிச்சமிருக்கும் இடைவெளி சுமார் 11 நானோநொடிதான். உலைக்குள் எரிபொருள் அல்லாத பாகங்கள் எவ்வளவு சூடேறும் என்று கணக்கிடுபவருக்குத் தேவை தனித்தனிக் கோடுகள் (குறிப்பிட்ட ஆற்றல் கொண்ட காமாக்கள்) அல்ல, பிளவுக்கு 7 மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவிலான மொத்த ஆற்றலும் அதன் பரவலும்தான்.

செங்கதிர்: சில நாள் கழித்து அளப்பதென்றால் இந்தச் சண்டைக்கே இடமில்லை. அயோடின்-131இன் 364, லாந்தனம்-140இன் 1596 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆகிய கோடுகளை ஜெர்மானியம் தெளிவாகப் பிரித்துத் தரும்.

மாறன்: அதில் மறுப்பில்லை, சிக்கல் இடைப்பட்ட காலத்தில் இருக்கிறது. பிளவுத் துண்டான டெல்லூரியம்-134இன் கிளர்நிலை (கூடுதல் ஆற்றலுடன் இருக்கும் நிலை) 164 நானோநொடி அரை ஆயுளுடன் 1279 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாவைத் தருகிறது. பிளவுக்குப் பின் சில நானோநொடிக்குள் வருவதை மட்டும் ஏற்கும் இளவேனிலின் குறுகிய காலச் சாளரம் அதில் பெரும்பகுதியைக் கண்டுகொள்ளாது. 1 மீட்டரில் 100 நானோநொடிக்குப் பின் நேராக வந்து சேரும் நியூட்ரானின் ஆற்றல் அரை மெகா எலக்ட்ரான் வோல்ட்தான். ஜெர்மானிய அணுக்கருவின் 596 நிலையைக் கிளர்த்த அது போதாது. அங்கே ஜெர்மானியம் தாராளமாக வேலை செய்யும்.

இளவேனில்: நேராக வருபவை சரி. சுவரிலும் தாங்கிகளிலும் சிக்கி அங்கிருந்து காமாவைக் கிளப்பும் நியூட்ரான்களுக்கு உங்கள் 100 நானோநொடி எல்லை பொருந்தாது. யுரேனிய இலக்கை அகற்றிவிட்டு எடுத்த பின்னணியில் அவை தென்படவும் மாட்டா, ஏனெனில் பிளவே இல்லாதபோது அந்த நியூட்ரான்களும் இல்லை.